முப்பதில் அணையும் போன்

திருச்சி தென்னூர் உழவர் சந்தையில் அக்கா தக்காளியும் கத்தரிக்காயும் ஒரு கட்டு அரைக்கீரையும் வாங்கிப் பையில் போட்டாயிற்று. மொத்தம் 112 ரூபாய். போனில் சார்ஜ் 31 சதவீதம். பணம் அனுப்பும் செயலியைத் திறந்தாள், கேமரா விழித்தது, தராசில் ஒட்டியிருந்த கியூஆர் அட்டை திரையில் தெரிந்தது. அதோடு திரை கறுத்துவிட்டது. பட்டனை எவ்வளவு அழுத்தியும் அசையவில்லை.

"பரவால்லக்கா, நாளைக்குக் குடுங்க" என்று கடைக்காரம்மா சொல்லிவிட்டார். அது மூன்றாவது முறை. அக்காவுக்கு மானம் போயிற்று.

வீட்டுக்கு வந்து சார்ஜரில் சொருகியதும் போன் உயிர்பெற்றது. காட்டிய அளவு 29 சதவீதம். அக்கா என்னிடம் கேட்டாள்: "ஏன்டா, சார்ஜ் தீர்ந்துதானே அணைஞ்சுது? ஒரே நிமிஷத்துல 29 எப்படிடா ஏறும்? அது எப்படி, காசு கொடுக்கிற நேரம் பார்த்து மட்டும் அணையுது?"

போன் கடையில் காட்டியபோது, "போர்டு வீக்காயிருச்சு மேடம், எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுத்துடுங்க" என்றார்களாம். அக்காவின் இரண்டு கேள்விகளுக்கும் அந்தப் பதிலில் இடமில்லை. ஆனால் நோய் என்னவென்று அந்த இரண்டு கேள்விகளே சொல்லிவிடுகின்றன.

கணக்குப்பிள்ளையின் நோட்டு

முதலில் அந்த 31 என்ற எண்ணைச் சந்தேகப்படுவோம். பைக்கின் பெட்ரோல் டாங்கில் ஒரு மிதவை உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க மிதவையும் இறங்கும், முள் சாயும். அது நேரடி அளவு. பேட்டரிக்குள் அப்படி இறங்குவதற்கு எதுவும் இல்லை. போனில் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. அதில் ஒரு பக்கம் கிராஃபைட், மறுபக்கம் ஓர் உலோக ஆக்சைடு, நடுவில் ஒரு திரவம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் உட்காருகின்றன. போனைப் பயன்படுத்தும்போது திரவத்தை நீந்திக் கடந்து எதிர்ப்பக்கம் போகின்றன. எத்தனை அயனிகள் இன்னும் கிராஃபைட்டில் பாக்கி என்று பேட்டரியைத் திறக்காமல் யாரும் எண்ண முடியாது.

அதனால் போனுக்குள் ஒரு சிறிய சில்லு கணக்குப்பிள்ளை வேலை பார்க்கிறது. அரிசி மண்டிக் கணக்குப்பிள்ளை குடோனுக்குள் போவதே இல்லை. வாசலில் உட்கார்ந்து, வந்த மூட்டை எத்தனை, போன மூட்டை எத்தனை என்று எழுதிக் கழித்துப் பாக்கியைச் சொல்கிறார். இந்தச் சில்லும் பேட்டரிக்குள் போன மின்சாரத்தையும் வெளியே வந்த மின்சாரத்தையும் எழுதிக்கொண்டே இருக்கிறது. திரையின் மூலையில் நாம் பார்ப்பது அந்த நோட்டின் கடைசி வரி.

குடோனில் எலி தின்றது நோட்டில் ஏறாது. பேட்டரிக்கு வயதாகும்போது அதன் கொள்ளளவு சுருங்குகிறது, கணக்கு மெல்லப் பிசகுகிறது. அதனால் சில்லு அவ்வப்போது பேட்டரியின் வோல்டேஜையும் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். இதிலும் ஒரு சங்கடம். நிறைந்த பேட்டரி சுமார் 4.2 வோல்ட் (சில புதிய ரகங்களில் சற்றுக் கூடுதல்). 80 சதவீதத்தில் ஏறக்குறைய 4.0, 30 சதவீதத்தில் 3.75 என்று வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டுக்கும் நடுவே பாதிப் பேட்டரி காலியாகியும் வோல்டேஜ் கால் வோல்ட்தான் இறங்கியிருக்கிறது. இவ்வளவு தட்டையான சரிவில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று சொல்வது கடினம். போன் சில நேரம் 24இலிருந்து 17க்குத் தாவுவது, கணக்குப்பிள்ளை தன் பிழையைக் கண்டுபிடித்து அடித்துத் திருத்துவதுதான்.

ஆனால் அக்கா விஷயத்தில் நோட்டு பொய் சொல்லவில்லை. அணையும்முன் 31, சொருகியதும் 29. கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. சரக்கு உள்ளேதான் இருந்திருக்கிறது. பிறகு ஏன் அணைந்தது?

கேஸ் கீசர் அணைவது எப்போது?

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி, குளியலறையில் கேஸ் கீசர். கீசருக்கு ஒரு குணம் உண்டு. தண்ணீர் ஓரளவு அழுத்தத்தோடு வந்தால்தான் பற்றும். அழுத்தம் குறைந்தால் பட்டென்று அணைந்துவிடும். ஒருவர் குளித்துக்கொண்டிருக்கும்போது சமையலறையில் யாராவது குழாயைத் திருகினால் போச்சு, சோப்பு நுரையோடு ஒரு கத்தல் கேட்கும்.

வீடு கட்டிய புதிதில் இந்தத் தொல்லை இல்லை. இரண்டு குழாயைத் திறந்தாலும் கீசர் எரிந்தது. எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. சில வருடங்களில் குழாய்களின் உட்சுவரில் வெள்ளையாக உப்பு படிந்து வழி குறுகிவிட்டது. இப்போது ஒரு குழாய் மட்டும் திறந்தால் எல்லாம் சரி. இரண்டு திறந்தால் கீசர் அணைகிறது. மேலே ஏறிப் பார்த்தால் தொட்டியில் தண்ணீர் இருக்கிறது! தண்ணீர் தீரவில்லை, தேவையான வேகத்தில் வந்து சேரவில்லை. அவ்வளவுதான்.

தொட்டியில் நிற்கும் தண்ணீரின் உயரம் வோல்டேஜ். குழாயில் படிந்த உப்புக்குப் பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தில் ஒரு பெயர் உண்டு: அக மின்தடை. பேட்டரி தனக்குள்ளேயே மின்சாரத்துக்குக் காட்டும் தடை அது. பரீட்சைக்குப் படித்து மறந்த அந்தச் சொல்தான் அக்காவின் மானத்தை வாங்கியது.

112 ரூபாய்க் கணக்கு

தடை ஒரு ஓம் என்றால், அதன் வழியே ஓடும் ஒவ்வொரு ஆம்பியருக்கும் ஒரு வோல்ட் வழியிலேயே தொலையும். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு சந்தைக்குத் திரும்புவோம். எண்களைக் கணக்கு எளிதாக இருக்கும்படி முழுமையாக்கியிருக்கிறேன். போனுக்குப் போன் இவை மாறும்.

போனின் கீசர் எது? அதன் மின்சுற்று. வோல்டேஜ் ஓர் எல்லைக்குக் கீழே போனால் பிராசசர் தப்பும் தவறுமாகக் கணக்கிடும், எழுதிக்கொண்டிருந்த கோப்பு கெடும், பேட்டரிக்கே சேதம் வரும். அதனால் எல்லையைத் தொட்டதும் போன் தன்னை அணைத்துக்கொள்கிறது. எல்லை 3.2 வோல்ட் என்று கொள்வோம்.

அக்கா பையைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறாள். திரை மங்கலாக எரிகிறது. போன் இழுப்பது 0.3 ஆம்பியர். வயதான பேட்டரியின் தடை 0.2 ஓம். தொலைவது 0.06 வோல்ட். உள்ளே இருப்பது 3.75, வெளியே வந்து சேர்வது 3.69. ஒரு குறையும் இல்லை.

இப்போது செயலியைத் திறக்கிறாள். வெயிலுக்குத் திரை முழு வெளிச்சத்துக்குப் போகிறது. கேமரா விழிக்கிறது, கியூஆர் கட்டங்களைப் படிக்கப் பிராசசர் முழு வேகம் எடுக்கிறது, வங்கியோடு பேச ரேடியோ துடிக்கிறது. வீட்டின் எல்லாக் குழாயும் ஒரே நேரத்தில் திறந்த மாதிரி. ஒரு கணத்துக்கு இழுப்பு 3 ஆம்பியர். தொலைவது 0.6 வோல்ட். வந்து சேர்வது 3.15. எல்லைக்குக் கீழே. திரை கறுப்பு.

இதே பேட்டரி புதிதாக இருந்தபோது தடை 0.1 ஓம். அப்போது தொலைந்திருக்கக்கூடியது 0.3 வோல்ட்தான். 3.45 வந்து சேர்ந்திருக்கும், 112 ரூபாய் போயிருக்கும்.

காலையில் 80 சதவீதத்தோடு இருக்கும்போது ஏன் அணையவில்லை? உள்ளே 4.0, அதில் 0.6 போனால் 3.4. தப்பித்தது. மதியம் 50 சதவீதம், உள்ளே 3.82, வந்து சேர்வது 3.22. நூலிழையில் தப்பித்தது. 30க்கு வரும்போது மாட்டிக்கொண்டது. அக்காவின் இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில். காசு கொடுக்கும் நேரம்தான் போனுக்குப் பாரம் மிகுந்த நேரம். சார்ஜரில் சொருகியதும் 29 காட்டியதற்கும் இதுவே காரணம். பாரத்தைச் சார்ஜர் ஏற்றுக்கொண்டது. பேட்டரியில் இருந்ததைக் கணக்குப்பிள்ளை இருந்தபடி படித்துச் சொன்னார்.

கொடைக்கானலில் 80இலும் அணையும்

டிசம்பரில் கொடைக்கானல் போய் அதிகாலைப் பனியைப் படம் எடுக்கப் போனை நீட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நிறைய சார்ஜ் இருக்கும்போதே போன் செத்துப்போகும். அறைக்குத் திரும்பிக் கம்பளிக்குள் கொஞ்ச நேரம் வைத்தால் பிழைத்துக்கொள்ளும்.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் இறுகுவதைப் போல, பேட்டரித் திரவம் உறையாவிட்டாலும் மந்தமாகிறது. அயனிகள் தட்டுத்தடுமாறி நீந்துகின்றன. தடை கூடுகிறது. நம் கணக்கில் 0.2 ஓம் குளிரில் 0.3 ஆனால் போதும். 80 சதவீதத்திலேயே 4.0 வோல்ட்டில் 0.9 போய் 3.1தான் மிஞ்சும். வெயில் ஏறியதும் தடை பழைய நிலைக்கு வந்துவிடும். இது நோயில்லை, சளி மாதிரி. போனைச் சட்டையின் உள்பையில் உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டால் ஓரளவு தப்பலாம்.

உப்பு படிவது எப்படி?

"பேட்டரி போச்சு" என்று நாம் சொல்வதில் இரண்டு நோய்கள் கலந்திருக்கின்றன. ஒன்று தொட்டியே சுருங்குவது, அதாவது காலையில் 100 ஏற்றினால் மதியமே காலி. இது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று குழாய் அடைவது. பாக்கி இருக்கும்போதே அணைவது இதனால்தான். இரண்டாவதை யாரும் பேட்டரி நோய் என்று நினைப்பதில்லை. போர்டு, செயலி, வைரஸ் என்று எதன் மேலோ பழி விழுகிறது.

இரண்டு நோய்க்கும் பெரும்பாலும் ஒரே வேர். புதுப் பேட்டரி முதன்முதலில் சார்ஜ் ஆகும்போதே கிராஃபைட்டின் மேல் மெல்லிய படலம் ஒன்று உருவாகிறது. அது வேண்டிய படலம்தான். அது இல்லாவிட்டால் திரவம் கிராஃபைட்டோடு ஓயாமல் வினைபுரிந்து அழியும். தோசைக்கல்லில் எண்ணெய் பழகிப் படிந்த கறுப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தொல்லை எங்கே என்றால், அது வளர்வதை நிறுத்துவதில்லை. வளர வளர லித்தியத்தைத் தின்கிறது, தொட்டி சுருங்குகிறது. தடிக்கத் தடிக்க அயனிகளின் வழியை மறிக்கிறது, குழாய் அடைகிறது.

படலத்தை வேகமாக வளர்ப்பவை முக்கியமாக இரண்டு: சூடு, நிறைந்த நிலையிலேயே நெடுநேரம் கிடப்பது. ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்பம் அதிகபட்சம் 35 டிகிரி. திருச்சியில் மே மாதம் 40ஐத் தாண்டும். பைக் கைப்பிடியில் போனை மாட்டி, உச்சி வெயிலில் வரைபடத்தை ஓடவிட்டு, சார்ஜும் போட்டுக்கொண்டு உணவு கொண்டுபோகும் பையன்களின் போன்களுக்கு ஆயுள் குறைவு என்பதில் ஆச்சரியமில்லை. தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடுவதும் அதே ரகம்.

மாதம் ஒருமுறை சுத்தமாகத் தீர்த்துவிட்டு ஏற்ற வேண்டும் என்ற அறிவுரை, நிக்கல் காட்மியம் பேட்டரிக் காலத்து மிச்சம். லித்தியத்துக்கு அது நன்மை செய்யாது. 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி உங்கள் போனில் இருந்தால் போட்டுவைக்கலாம். ஆனால் அதையே நினைத்துக்கொண்டு இரவில் எழுந்து சுவிட்சை அணைக்க வேண்டியதில்லை. பேட்டரி நமக்கு வேலை செய்ய வந்தது.

ஆப்பிள் குழாயைப் பாதி மூடியது

2017 ஜனவரியில் ஆப்பிள் ஐபோன்களுக்கு 10.2.1 என்ற மென்பொருளை அனுப்பியது. ஐபோன் 6, 6எஸ் வகைகள் திடீரென்று அணைவது அதன்பின் குறைந்தது. எப்படிக் குறைத்தார்கள் என்பது அப்போது வெளியே தெரியவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில், போன்களின் வேகத்தை அளக்கும் கீக்பெஞ்ச் மென்பொருளை உருவாக்கிய ஜான் பூல் தன்னிடம் குவிந்திருந்த அளவுகளை வரைபடமாக்கி வெளியிட்டார். 10.2.1 வந்த பிறகு, ஒரே மாடல் போன்களில் பலவும் வேகம் குறைந்து தனித்தனிக் கூட்டங்களாக நின்றன. ஆப்பிள் ஒப்புக்கொண்டது. பேட்டரி தளர்ந்த போன்களில் பிராசசரின் உச்ச வேகத்தைக் குறைத்திருந்தார்கள். கீசர் எரியும்போது சமையலறைக் குழாயைப் பாதிக்குமேல் திறக்க விடாத ஏற்பாடு.

பொறியியலாகப் பார்த்தால் தவறில்லை. சொல்லாமல் செய்ததுதான் தவறு. போன் மெதுவாகிவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கியவர்களிடம், பேட்டரியை மாற்றினால் போதும் என்று யாரும் சொல்லவில்லை. டிசம்பர் 28 அன்று மன்னிப்புக் கேட்ட ஆப்பிள், பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராக இறக்கியது. ஓராண்டு கழித்து, 2019 ஜனவரியில் ஆப்பிளின் தலைமை நிர்வாகி என்ற முறையில் டிம் குக் முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், புது ஐபோன் விற்பனை மந்தமானதற்கான காரணங்களில் ஒன்றாக இந்த மலிவான பேட்டரி மாற்றத்தையும் குறிப்பிட்டார். புதுப் போனுக்கும் புதுப் பேட்டரிக்கும் உள்ள உறவை இதைவிட வெளிப்படையாக யாரும் சொன்னதில்லை.

வாங்குவதற்கு முன்

போன் அடுத்த முறை அணையும்போது, அணைவதற்கு முன் என்ன சதவீதம், எந்தச் செயலி ஓடியது என்று குறித்துக்கொள்ளுங்கள். சொருகியதும் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 0 அல்லது 1 காட்டினால் உண்மையாகவே தீர்ந்திருக்கிறது. 15, 20க்கு மேல் காட்டினால், கேமரா போன்ற கனமான வேலையில் அது திரும்பத் திரும்ப நடந்தால், குழாய்தான் அடைந்திருக்கிறது. சார்ஜரில் இருக்கும்போதும் அணைகிறது என்றால் வேறு கோளாறு. போன் கீழே விழுந்த நாளிலிருந்து இது தொடங்கியிருந்தால், உள்ளே பேட்டரி கனெக்டர் தளர்ந்திருக்கலாம். ஐபோனில் 2018 முதல் அமைப்புகளுக்குள்ளேயே பேட்டரி நலம் சதவீதமாகத் தெரிகிறது. ஆண்ட்ராய்டிலும் பல புதிய போன்களில் வந்துவிட்டது.

மாற்றுவது என்று முடிவானால், நிறுவனத்தின் இணையதளத்தில் விலை பாருங்கள். பல நிறுவனங்கள் உதிரிபாக விலையை அங்கேயே போட்டிருக்கின்றன. மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு தளம் திறந்தது. பல நிறுவனங்களின் சேவை விவரங்கள் அதில் கிடைக்கும்.

இணையத்தில் பேட்டரி மட்டும் தனியாக வாங்குகிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. உங்கள் போனுக்கு 4000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி வந்தது, கடைக்காரர் அதே அளவில் 6000 தருகிறேன் என்கிறார் என்றால் நம்பாதீர்கள். அதே இடத்தில் ஒன்றரை மடங்கு லித்தியம் உட்காராது. லேபிளிலேயே வாட் மணி என்று இன்னொரு எண் இருக்கும். ஆம்பியர் மணியை வோல்ட்டால் பெருக்கினால் அது வர வேண்டும். 4000 என்றால் 4 ஆம்பியர் மணி, 3.85 வோல்ட், பெருக்கினால் 15.4. லேபிளில் 6000 என்று போட்டுவிட்டுப் பக்கத்திலேயே 15.4 வாட் மணி என்று அச்சடித்திருக்கும் பேட்டரியை நானே பார்த்திருக்கிறேன். பெரிய எழுத்தில் பொய், சிறிய எழுத்தில் உண்மை.

பவர் பேங்கில் நடப்பது பொய்யில்லை, ஆனால் பாதி உண்மை. 10,000 என்பது உள்ளே 3.7 வோல்ட்டில் உள்ள அளவு, அதாவது 37 வாட் மணி. அதை 5 வோல்ட்டாக மாற்றி வெளியே தரும்போது 7,400 ஆகிவிடும். மாற்றும்போது சூடாகப் போவதையும் கழித்தால் கைக்கு வருவது 6,000 சொச்சம். பெட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் இந்த எண்ணும் பெரும்பாலும் இருக்கும். இரண்டு பவர் பேங்குகளை ஒப்பிடும்போது அந்தப் பொடி எழுத்தைத்தான் ஒப்பிட வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். போனின் முதுகு உப்பியிருந்தாலோ திரை ஓரத்தில் தூக்கிக்கொண்டு நின்றாலோ, உள்ளே பேட்டரியில் வாயு சேர்ந்திருக்கிறது. அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். அன்றைக்கே சேவை மையத்துக்குக் கொண்டுபோங்கள். பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையோடு போடவும் வேண்டாம். குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும்.

அக்காவின் போனுக்குச் சேவை மையத்தில் கூலியோடு 1,450 ரூபாய் ஆனது. கடையில் காட்டிய புதுப் போன் 16,000. போன வாரம் அதே சந்தையில் 9 சதவீதத்தில் ஸ்கேன் செய்து காசு அனுப்பினாளாம். பழைய 112 ரூபாயை அவள் போன் அணைந்த அன்று சாயங்காலமே நேரில் போய்க் கொடுத்துவிட்டாள், சில்லறையாக.